கல் எடை

ஹர்த்தால் நாளில் சேர்ந்தவன் நான்.
உக்கடத்து லாரி வேலந்தாவளம் தாண்டவில்லை.
கொழிஞ்சாம்பாறை மெஸ்ஸில் நாற்பத்திரண்டு பேருக்கு மதியச் சோறு,
கையில் அரைக் கூடை சின்ன வெங்காயம்.
சங்கத்துக் கொட்டகையின் பின்கதவு திறந்திருந்தது.
அதனால் போனேன்.
மண்ணின் மேல் பாசம் என்று
யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐநூறு ரூபாய் பங்கு. ஒரு மஞ்சள் அட்டை.
விலாசினி என் பெயரை மலையாளத்தில் எழுதி
தமிழில் வாசித்துக் காட்டினாள், சரியா என்று.
மெஸ்காரரெல்லாம் உறுப்பினர் ஆகலாமா?
மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.
"திங்கறவரும் வேணுமே" என்றாள், தலை நிமிராமல்.

அங்கே ஒரு காய்க்கு இரண்டு பெயர்.
சீட்டில் மத்தன் என்று இருக்கும், பரங்கி வரும்.
பயறு என்று இருக்கும்,
முழநீளத் தட்டைக்காய் வரும்.
கும்பளம் நாலு கிலோ என்று கேட்டுவிட்டு
முதல் வாரம் முழுக்கப் பயந்திருந்தேன்.
பூசணிதான்.

குறையும் உண்டு.
கடன் கிடையாது, வியாழனுக்குள் கணக்கு முடிய வேண்டும்.
ஆடியில் கத்தரிக்காய் லாரியைவிட நாலு ரூபாய் கூட.
காலிஃபிளவர் கேட்டால் சிரிக்கிறார்கள், இந்த வெயிலிலா?
என் கரும்பலகையில் நான் எழுதும் கூட்டையும் பொரியலையும்
இப்போது யாரோ ஒருவரின் பந்தல் முடிவு செய்கிறது.

ஆவணி இரண்டாம் வாரம்
புடலங்காய்ப் பெட்டிக்குள் ஒரு கல்.
காயின் நுனியில், வாழைநாரோடு,
கழற்ற மறந்த தோடு போல.
என் தராசில் வைத்தேன். எண்பத்தைந்து கிராம்.
கிலோ இருபத்தாறு.
இரண்டு ரூபாய் இருபத்தொரு காசுக்குக்
கல் வாங்கியிருக்கிறேன்.

மண்டியில் இதைக் கேட்டிருக்க முடியாது.
அங்கே ஈரத்துக்கு ஓர் எடை, சாக்குக்கு ஓர் எடை,
தரகரின் சுண்டுவிரலுக்கு ஓர் எடை.
இங்கே சீட்டில் இருந்தது:
மயிலாத்தாள், பிச்சனூர் மேற்கு, பந்தல் இரண்டு.
பெயர் இருந்தால் சண்டை போடலாம்.

கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.
காய் இறக்கிக்கொண்டிருந்தவள் கையை நீட்டினாள்.
"அப்பாடா, கொண்டாந்துட்டீங்களா.
இடுப்பு ஒடுங்குன கல்லுங்க இது, நாரு வழுக்காது.
வாய்க்கா முழுக்கத் தேடுனாலும்
இந்த மாதிரி பத்துதான் ஆப்படும்."

வழியெல்லாம் யோசித்து வைத்த வாக்கியங்களில்
ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.
"என் சட்டியில எல்லாம் வட்டமாத்தான் விழுது,
வளைஞ்சே வரட்டுமே, கல்லு எதுக்கு?"
"வளைஞ்சா பெட்டிக்கு இருபது அடங்காதுங்க,
பதினொண்ணுதான்.
மிச்சத்துக்கு வண்டி வாடகை நீங்க குடுப்பீங்களா?"

விலாசினி அதற்குள் எழுதிக் கிழித்துவிட்டாள்:
கல் எடை கழிவு, 2.21.
இருபத்தொரு காசு அங்கே யாரிடமும் இல்லை.
மயிலாத்தாள் இரண்டு பச்சைமிளகாய் வைத்தாள்.

இப்போது வாரத்துக்கு மூன்று நான்கு வருகிறது.
கல்லாவின் பக்கத்து ஊறுகாய் பாட்டிலில் சேர்கிறது.
போன ஞாயிறு காலிப் பெட்டிகளோடு
ஜபருல்லாவின் வண்டியில் பொட்டலம் கட்டி அனுப்பினேன்.
சோதனைச் சாவடியில் புதிதாக வந்தவர் பிரித்திருக்கிறார்.
பதினான்கு கல், நார் சுற்றியபடி.
"என்னய்யா இது?"
"புடலங்காயோடது சார்."
ஒன்றைக் கையில் ஏந்தி எடை பார்த்துவிட்டு
திரும்ப வைத்தாராம்.

இன்று மூன்றாம் மேசையில் புகார்.
கூட்டில் நார்.
எடுத்துப் பார்த்தேன், முடிச்சு அவிழவில்லை.
யார் போட்ட முடிச்சு என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
சாருக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னேன்.